பவர் பிஐ: பப்ளிஷ் செய்த ரிப்போர்ட்டின் ரெஃப்ரெஷ் ஏன் நின்றுபோகிறது?

பவர் பிஐ என்பது தரவை ரிப்போர்ட்டாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். உங்கள் கணினியில் இருக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ரெஃப்ரெஷை அழுத்திப் புதிய தரவை இழுத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதையே மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சர்வருக்கு பப்ளிஷ் செய்து காலை 7 மணிக்கு ஷெட்யூல் போட்டால், மறுநாள் தோல்வி என்று மெயில் வந்து நிற்கும். உடனே பலர் ஃபார்முலாவை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. டெஸ்க்டாப்பில் வேலை செய்யும்போது உங்கள் கணினியின் டிரைவ், உங்கள் லாகின், உங்கள் ஊர்க் கடிகாரம் எல்லாம் கூடவே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இவை எதுவும் தானாக இருக்காது.

முதலில் கோப்பு இருக்கும் இடம். சி டிரைவில் கிடக்கும் எக்செல் கோப்பை கிளவுட் சர்வரால் எடுக்க முடியாது. கோப்பை அலுவலக ஒன்டிரைவுக்கோ ஷேர்பாயின்ட்டுக்கோ மாற்றிவிட்டால் கேட்வே (அலுவலகத் தரவை கிளவுட்டோடு இணைக்கும் மென்பொருள்) வேண்டாம். ஆனால் இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டர் உங்கள் கணினியில் சிங்க் ஆகியிருக்கும். அந்த ஃபோல்டர் வழியாக இணைத்தால் பவர் பிஐக்குப் போவது மறுபடியும் சி டிரைவ் முகவரிதான். எக்செலில் கோப்பைத் திறந்து, இன்ஃபோ பக்கத்தில் பாத்தை காப்பி செய்து, கேள்விக்குறியிலிருந்து கடைசிவரை உள்ளதை அழித்துவிட்டு, பவர் பிஐ டெஸ்க்டாப்பின் வெப் கனெக்டரில் ஒட்டுங்கள்.

தரவு அலுவலக எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் இருந்தால் பொதுவாக கேட்வே தேவைப்படும். அதை யாரோ ஒருவரின் லேப்டாப்பில் பர்சனல் மோடில் போட்டு வைப்பதுதான் வழக்கமான தவறு. அந்த ஆள் லாகின் செய்திருந்தால்தான் அது ஓடும், மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. ஸ்டாண்டர்ட் மோடு விண்டோஸ் சர்வீஸாகப் பின்னணியில் ஓடும். எப்போதும் அணையாத ஒரு கணினியில் அதை நிறுவுங்கள். இன்னொன்று: டெஸ்க்டாப்பில் சர்வரை ஐபி எண்ணால் இணைத்துவிட்டு, கேட்வேயில் பெயரால் பதிந்தால் இரண்டும் ஒன்றே என்று பவர் பிஐக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பப்ளிஷ் செய்யும்போது கடவுச்சொல் கூடவே போவதில்லை. செமான்டிக் மாடலின் (ரிப்போர்ட்டுக்குப் பின்னால் சர்வரில் இருக்கும் தரவுத் தொகுப்பின்) செட்டிங்ஸில் போய் மறுபடி கொடுக்க வேண்டும். சொந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் அதிகம். கடவுச்சொல் மாறும் நாளில் ரெஃப்ரெஷ் நிற்கும், வேலையை விட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். தரவை வாசிக்க மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு ஒன்றை ஐடி பிரிவில் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து 4 முறை தோற்றால் பவர் பிஐ ஷெட்யூலையே அணைத்துவிடும். கடவுச்சொல் காலாவதி போன்ற கோளாறென்றால் அதற்கு முன்பேகூட அணைக்கும். கோளாறைச் சரிசெய்தபின் ஷெட்யூலை நீங்கள்தான் மறுபடி இயக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இது சத்தமில்லாமல் ஏமாற்றும். ஷெட்யூல் பக்கத்தில் டைம் சோனைத் தேர்ந்தெடுக்கலாம், சரி. ஆனால் அந்தத் தேர்வு ஃபார்முலாவைத் தொடாது. சர்வரில் டுடே, நவ் போன்ற தேதி ஃபங்ஷன்கள் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தைத்தான் தரும். இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5:30 வரை சர்வருக்கு நேற்றுதான். சிங்கப்பூரில் 8 மணி வரை. காலை 5 மணிக்கு ரெஃப்ரெஷ் ஓடி ‘இன்றைய விற்பனை’ என்ற நெடுவரிசையைக் கணக்கிட்டால், அதில் நேற்றைய தேதி உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தியும் வராது, எண் மட்டும் தப்பாக இருக்கும். யூடிசி நேரத்தை எடுத்து, உங்கள் ஊருக்கு உரிய வித்தியாசத்தை நீங்களே கூட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

9 மணி மீட்டிங்கிற்கு 8:30 ஷெட்யூலை நம்பவும் வேண்டாம். குறித்த நேரத்திலேயே தொடங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. சில சமயம் 1 மணி நேரம்கூடத் தள்ளிப்போகும். புரோ லைசென்ஸில் ஒரு நாளைக்கு 8 முறை, பிரீமியத்தில் 48 முறை வரை ஷெட்யூல் செய்யலாம். எட்டையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. மூல டேட்டாபேஸ் இரவில் ஒருமுறைதான் நிரம்புகிறது என்றால், அது முடிந்த பிறகு ஒரு ரெஃப்ரெஷ், தவறினால் பிடிக்க இன்னொன்று போதும்.

ரிப்போர்ட்டில் ஒரு நிறத்தை மாற்றிவிட்டு அவசரமாக மறுபடி பப்ளிஷ் செய்தால், உங்கள் கணினியில் இருக்கும் போன வாரத் தரவு சர்வரில் உள்ள இன்றைய தரவின் மேல் ஏறிவிடும். பப்ளிஷ் செய்த கையோடு ஒருமுறை ரெஃப்ரெஷ் கொடுங்கள். புதிய தரவை மட்டும் ஏற்றும் இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷ் வைத்திருந்தால், சேர்ந்திருந்த பார்ட்டிஷன்கள் (காலவாரியான தரவுப் பகுதிகள்) மொத்தமும் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

யாருக்குக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். ‘பப்ளிஷ் டு வெப்’ என்றால் இணைப்பு கிடைத்த எவரும் லாகின் இல்லாமல் பார்க்கலாம். சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எதற்கும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், யார் எந்தத் தரவு வரிசையைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வரிசை அளவிலான பாதுகாப்பு, பார்க்க மட்டும் அனுமதி உள்ள வியூவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ரிப்போர்ட் இருக்கும் வொர்க்ஸ்பேஸில் ஒருவரை மெம்பர் அல்லது கான்ட்ரிபியூட்டர் ஆக்கிவிட்டால் அவருக்கு எல்லா வரிசையும் தெரியும்.

தோல்வி மெயில் வழக்கமாக மாடலின் உரிமையாளருக்குத்தான் போகும். அவர் விடுப்பில் இருந்தால் ரிப்போர்ட் பழையதாகவே கிடக்கும், யாருக்கும் தெரியாது. செட்டிங்ஸில் இன்னொருவர் முகவரியையும் சேருங்கள். 2 மாதம் யாருமே ரிப்போர்ட்டைத் திறக்காவிட்டாலும் ஷெட்யூல் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் ரிப்போர்ட் என்றால், தேவைப்படும் நாளில் கையால் ரெஃப்ரெஷ் செய்துகொள்ளலாம்.