மூட்டுவீக்கத்தோடு வரும் குழந்தை: ஏஎஸ்ஓ சீட்டும் மற்ற சில தவறுகளும்

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேரும் டாக்டர்கள் மூட்டுவாதத்தில் செய்யும் தவறுகளில் புதிதாக எதுவும் இல்லை. மூத்தவர்கள் செய்து, பட்டுத் தெரிந்துகொண்ட அதே பழைய தவறுகள்தான். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

ஏஎஸ்ஓ கூடியிருக்கிறது, போடு பென்சிலின்

நாலு வயதுப் பெண் குழந்தை. வலது முழங்கால் இரண்டு மாதமாக வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் தூக்கிக்கொள்ளச் சொல்லி அழுவாள், நொண்டுவாள். பத்து மணிக்கு மேல் வாசலில் ஓடி விளையாடுவாள். ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு) 400. லேப் சீட்டில் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். உடனே 'ருமாட்டிக் காய்ச்சல்' (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்று எழுதி, 21 நாளுக்கு ஒரு பென்சதீன் பென்சிலின் ஊசி ஆரம்பமாகிவிடும். இத்தனை வருடமாகியும் இந்தக் காட்சி மாறவில்லை என்பதுதான் எரிச்சல்.

ஏஎஸ்ஓ சொல்வது ஒன்றைத்தான்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அண்மையில் வந்துபோயிருக்கிறது. தொற்று வந்து 3 முதல் 5 வாரத்தில் அது உச்சத்துக்கு ஏறும், இறங்கப் பல மாதம் ஆகும். பள்ளிக்கூடம் போகிற வயதில் தொண்டைவலி வராத பிள்ளை ஏது? சீட்டில் '200 வரை இயல்பு' என்று இருப்பது பெரியவர்களுக்கான கணக்கு. எந்த நோயும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளிலேயே அதைத் தாண்டியவர்கள் நிறைய.

எண்ணை விட்டுவிட்டு மூட்டைப் பாருங்கள். ருமாட்டிக் காய்ச்சலில் வலி கடுமையாக இருக்கும், தொடவிடமாட்டார்கள். ஒரு மூட்டு சில நாளில் தணிய, அடுத்தது பிடித்துக்கொள்ளும். மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் வீக்கம் சுவடில்லாமல் போய்விடும். ஆஸ்பிரின் அல்லது நேப்ராக்சன் கொடுத்தால் 2, 3 நாளிலேயே அடங்கும். ஜேஐஏ எனப்படும் சிறார் மூட்டுவாதத்தில் வீக்கம் ஒரே மூட்டில் 6 வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். வலியைவிடக் காலை விறைப்புதான் பெரிதாகத் தெரியும். வயதும் துப்புக் கொடுக்கும்: ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது, மூன்று வயதுக்குக் கீழே மிக அரிது.

இன்னொரு சிக்கலை நாமே உண்டாக்குகிறோம். முதல் நாளே நேப்ராக்சனை ஆரம்பித்துவிட்டால், மூட்டுக்கு மூட்டு தாவும் அடையாளம் அழிந்து ஒற்றை மூட்டு நோயாகத் தெரியும். நோய் எதுவென்று தெளிவாகும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

தவறின் விலையைக் கணக்குப் போடுங்கள். 21 நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 17 ஊசி, ஐந்து வருடத்தில் 87. ஒவ்வொன்றும் தசைக்குள் ஆழமாகப் போகும், வலி உயிரை எடுக்கும் ஊசி. அதற்கிடையில் உண்மையான நோய் தன் வேலையைப் பார்க்கும். முழங்கால் மடங்கியபடி இறுகும், தொடைச் சதை வற்றும். அழற்சியால் ரத்த ஓட்டம் கூடி, சின்னக் குழந்தைகளுக்கு வீங்கிய பக்கத்துக் கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே மூட்டுக்குள் ஒரு ட்ரையம்சினலோன் (ஸ்டீராய்டு) ஊசி போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலை உறுதிசெய்ய 2015இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் விதிகளின்படி, இந்நோய் அதிகமுள்ள இடங்களில் ஒற்றை மூட்டு வீக்கம்கூடப் பெரிய அடையாளமாகக் கணக்கில் வரும். ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காவிட்டாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். மைட்ரல் வால்வில் கசிவு இருந்தால் பென்சிலின் கட்டாயம்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். அந்தக் குழந்தைக்கு ஒரு ஊசியைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

'ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை'

பெரியவர்களின் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் இந்த ரத்தப் பரிசோதனை, ஜேஐஏ குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நெகட்டிவ்தான்.

கண் வெள்ளையாக இருக்கிறதே

ஜேஐஏவில் வரும் யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) பெரும்பாலும் கண்ணைச் சிவக்க வைக்காது, வலிக்காது. குழந்தையும் பார்வை மங்குகிறது என்று சொல்லத் தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும். கண்மணி வட்டம் கோணலாகிவிட்டதை அம்மா கவனித்துக் கூட்டி வரும்போது உள்ளே ஒட்டுதலும் புரையும் வந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது, கண் டாக்டரின் ஸ்லிட் லாம்ப் கருவி வேண்டும். ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்து, 7 வயதுக்கு முன் நோய் தொடங்கியிருந்தால் முதல் நாலு வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மூட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முழங்காலுக்கு அடியில் தலையணை

வைக்காதீர்கள். இதமாக இருக்கும், கால் மடங்கியே இறுகும்.

மெத்தோட்ரெக்சேட் 1-0-0

ஜேஐஏவை அடக்கக் கொடுக்கும் இந்த மருந்து வாரத்துக்கு ஒருமுறை. நம் மருந்துச் சீட்டு வழக்கமோ தினமும் காலை, மதியம், இரவு என்ற கணக்கில் போவது. '1-0-0' என்று எழுதினால் மெடிக்கல் ஷாப்காரர் கவரில் 'தினமும் காலை' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். உடன் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையோடு இடம் மாறிப்போவதும் உண்டு. ஒரு வாரத்தில் வாய் முழுக்கப் புண், வெள்ளை அணுக்கள் சரிவு, உயிருக்கே ஆபத்து.

கிழமையைத் தமிழில் எழுதுங்கள்: 'ஞாயிறு இரவு மட்டும்'. சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு குழந்தைக்கு 10 மில்லிகிராம் வந்தால், 2.5 மில்லிகிராம் மாத்திரை நாலு, வாரத்துக்கு ஒருமுறை. நாலு வாரத்துக்கு 16 மாத்திரைதான், அதற்கு மேல் ஒன்றுகூட வீட்டில் இருக்க வேண்டாம். வேறு வேறு பலமுள்ள மாத்திரைகளைக் கலந்து எழுதாதீர்கள். தவறி தினமும் கொடுத்துவிட்டால் மருந்தை நிறுத்தி அட்மிட் செய்து ஃபோலினிக் ஆசிட் ஆரம்பிக்க வேண்டும். சாதாரண ஃபோலிக் ஆசிட் அங்கே உதவாது.

மூணு வாரத்தில் 'கேட்கவில்லை' என்று நிறுத்துவதும் தவறுதான். வேலை தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

அடாலிமுமாப் ஆரம்பிக்கும் முன்

இந்த உயிரியல் மருந்து மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம். அதனால் மான்டூ தோல் சோதனை, மார்பு எக்ஸ்ரே. விதிவிலக்கு கிடையாது.

இஎஸ்ஆர் இறங்கிவிட்டது, குழந்தை தேறிவிட்டது

உடல் முழுவதையும் பாதிக்கும் சிஸ்டமிக் ஜேஐஏவில் காய்ச்சல் தினமும் ஒரு நேரம் ஏறி இறங்கும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் நூறைத் தாண்டி நிற்கும், தட்டணுக்களும் கூடியிருக்கும். திடீரென்று ஒரு நாள் இஎஸ்ஆர் 20க்கு இறங்கும். ரவுண்ட்ஸில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆனால் காய்ச்சல் இறங்காமல் நிற்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, தட்டணுக்கள் 6 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாகியிருக்கின்றன. லேப் சீட்டில் 'ஒன்றரை லட்சம்' இயல்பு என்றுதான் இருக்கும். உண்மையில் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும், இஎஸ்ஆரை ஏற்றும் புரதம்) தீர்ந்துபோனதால்தான் இஎஸ்ஆர் இறங்கியது. இது மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம்: எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி உடலையே தாக்கும், உயிருக்கு ஆபத்தான நிலை. ஃபெரிட்டின் 684ஐத் தாண்டி, கூடவே தட்டணு 1.81 லட்சமோ அதற்குக் கீழோ, ஃபைப்ரினோஜன் 360ஓ அதற்குக் கீழோ என இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல், அந்த இரவே குழந்தைகள் ஐசியூ உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.