ஓசு பாணியில் ஓர் அறைக்காட்சி: லென்ஸிலிருந்து எடிட்டிங் வரை

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களைப் பார்த்துவிட்டுக் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது கேமராவைத் தரையில் வைப்பதுதான். அங்கேயே வழி தவறிவிடுகிறது. தரையில் வைத்த கேமரா அண்ணாந்து பார்க்கும். தாடையும் மூக்குத் துவாரமும் பெரிதாகும், கதவு நிலைகள் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். ஓசுவின் ஃபிரேமில் நிலைக்கால்கள் ஃபிரேமின் ஓரத்துக்கு இணையாக நிற்கும். அவர் கேமரா தாழ்வாக இருந்தாலும் பார்வை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் லென்ஸ், தூரம், நடிகர் உட்காரும் இடம், வெட்டும் புள்ளி எல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

ஓசு கேமரா துறையிலிருந்து வந்தவர். 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவின் ஃபுகாகாவாவில் பிறந்தார். 1923இல் ஷோச்சிகு ஸ்டூடியோவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்து, 1927இல் முதல் படத்தை இயக்கி, 1963இல் தன் அறுபதாவது பிறந்தநாள் அன்றே இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மா இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தவர், மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் அப்பாக்களைப் பற்றித் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். ஒரே வீடு, ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே லென்ஸ். அளவு மாறாமல் இருந்ததால்தான் மனிதர்களுக்குள் நடக்கும் சின்ன மாற்றம்கூட நம் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது. அவருடைய முறையைப் பழகுகிறவர் கையில் அளவு நாடா இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

லென்ஸும் தூரமும்

பிற்காலப் படங்களில் அவர் கிட்டத்தட்ட எப்போதும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார். இதைக் கேள்விப்பட்டவுடன் கையில் இருக்கும் கேமராவில் 50 மி.மீ. மாட்டினால் கணக்கு தப்பும். அவருடையது 35 மி.மீ. ஃபிலிம். அதில் ஒரு ஃபிரேமின் அளவு சுமார் 22க்கு 16 மி.மீ. நாம் டிஜிட்டலில் 16:9 விகிதத்தில் எடுத்துப் பக்கங்களை வெட்டப்போகிறோம் என்பதால் ஒப்பிட வேண்டியது உயரத்தை மட்டும்தான். படத்தைப் பதியும் சென்ஸாரின் அளவு கேமராவுக்குக் கேமரா மாறும். நடுத்தர அளவான ஏபிஎஸ்-சி சென்ஸாரில் 16:9 வீடியோவின் உயரம் 13 மி.மீ. சொச்சம், ஆகவே அதற்கு 40 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்ஸாரில் 63 மி.மீ. அளவு வரும், ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும்விடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 30 மி.மீ. செல்ஃபோனில் 1 எக்ஸ் லென்ஸ் கூடவே கூடாது. அது 24 மி.மீ. சமானம் என்றால் 2.5 எக்ஸ் அளவுக்கு ஜூம் செய்து, அதை அப்படியே பூட்டிவிடுங்கள்.

ஓசுவின் ஃபிரேம் விகிதம் (அகலத்துக்கு உயரம்) 1.37:1. 1920க்கு 1080இல் எடுத்தால் நடுவில் 1480க்கு 1080, 4கேவில் எடுத்தால் 2960க்கு 2160. மானிட்டரில் இந்த வரம்பை முதலிலேயே கோடு போட்டு வையுங்கள். அகலமாகப் பார்த்துக் கம்போஸ் செய்துவிட்டு எடிட்டிங்கில் வெட்டினால் இரண்டு பக்கமும் யாராவது பாதியாக நிற்பார்கள்.

இந்த லென்ஸுக்கு ஒரு எளிய கணக்கு: தூரத்தை 0.32ஆல் பெருக்கினால் ஃபிரேமுக்குள் அடங்கும் உயரம் கிடைக்கும், 0.44ஆல் பெருக்கினால் அகலம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முழு உருவத்துக்கு 1.2 மீட்டர் உயரம் தேவை. அதற்குக் கேமரா 3.75 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்பளவுக்கு 70 செ.மீ. போதும், 2.2 மீட்டர் தள்ளினால் சரி. மேசைக்கு இருபுறமும் இருவர் என்றால் 2.2 மீட்டர் அகலம் வேண்டும், அதற்கு 5 மீட்டர். நிற்பவருக்கு 6 மீட்டருக்கு மேல்.

சாதாரண பத்துக்குப் பத்து அறையில் இது நடக்காது. அப்போது பலரும் வைட் லென்ஸுக்குத் தாவுகிறார்கள், ஓசு பாணி அந்த நொடியே காணாமல் போகிறது. லென்ஸை மாற்றாதீர்கள், கேமராவை அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு கதவு நிலையின் வழியாக இன்னொரு அறையைப் பார்க்கும் ஷாட்டுகள் ஓசுவிடம் ஏராளம். லொக்கேஷன் தேடும்போதே வரிசையாகத் திறக்கும் இரண்டு கதவுகள் இருக்கிற வீட்டைத் தேடுங்கள்.

அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் அது சுருங்கும்) விஷயத்தில் இன்றைய பழக்கம் ஒரு பெரிய இடைஞ்சல். ஏபிஎஸ்-சியில் 40 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து 3.75 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 65 செ.மீ.தான். பின்னால் இருக்கும் கதவும் விளக்கும் பஞ்சு மாதிரி கரைந்துவிடும். அந்தக் கதவுதான் அவருடைய ஃபிரேமின் எலும்பு. எஃப் 5.6 வைத்தால் 3 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும், எஃப் 8 இன்னும் நல்லது. அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், பட்ஜெட்டில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

உயரம்

'பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம்' என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் உலவுகிறது. அது சரியில்லை. ஓசுவின் லென்ஸ் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழேதான் இருக்கும். ஒரே உயரத்தில் நிலையாக இருக்கவும் செய்யாது. எடுக்கும் பொருளின் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் லென்ஸின் மையம் வரும்படி வைத்தால் கிட்டே வந்துவிடலாம். தரையில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை 85 செ.மீ. உயரத்தில் இருந்தால், முழு உருவத்துக்கு லென்ஸ் 50 செ.மீ., மார்பளவு ஷாட்டுக்கு 60 செ.மீ. அளவுக்கு ஏற்றலாம். நிற்கும் ஆளுக்கு 85 முதல் 110 செ.மீ. உட்கார்ந்தவருக்கு வைத்த 50 செ.மீ. உயரத்திலேயே நிற்பவரையும் நேராகப் பார்த்து எடுத்தால் தலை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும், டில்ட் செய்தால், அதாவது கேமராவை அண்ணாந்து சாய்த்தால், நிலைக்கால் சாயும்.

ஓசுவின் கேமராமேன் யூஹாரு அட்சுதா இதற்கென்றே குட்டை டிரைபாட் வைத்திருந்தார். நம் ஊர் வாடகைக் கடைகளில் ஹைஹேட் என்கிற தாழ்வான கேமரா தாங்கி கிடைக்கும். ஒரு பலகையில் அதைத் திருகி, கீழே ஆப்பிள் பாக்ஸ் என்கிற மரப்பெட்டிகளை அடுக்கினால் போதும். முழுப் பெட்டி 20 செ.மீ., அரைப் பெட்டி 10 செ.மீ. மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாருங்கள். பின்சுவருக்கு நேர் எதிரே செங்கோணமாகவோ, 45 டிகிரியிலோ கேமராவை நிறுத்துங்கள்.

இந்தத் தாழ்வான இடத்துக்கு ஓசுவே சொன்ன ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. ஆரம்ப காலத்தில் விளக்குகள் குறைவு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவற்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது, தரையெல்லாம் மின்கம்பிகள். கேமராவைத் தாழ்த்தினால் தரை தெரியாது, கம்பிகளை ஒதுக்கும் நேரம் மிச்சம். உங்களுக்கும் அதே லாபம் உண்டு. 50 செ.மீ. உயரத்தில் நேராகப் பார்க்கும்போது 3 மீட்டருக்கு உட்பட்ட தரை ஃபிரேமில் வராது. 6 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரிலும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் தெரியாது. விளக்கு எல்லாவற்றையும் மேலே கட்டித் தொங்கவிட்டுவிடலாம்.

உட்காரவைப்பதும் லுக்கும்

பேசும் இருவரை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் கேமரா இருக்க வேண்டும் என்கிற 180 டிகிரி விதியை ஓசு பொருட்படுத்தவில்லை. ஒரு வைட் ஷாட் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அடுத்தது நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அதனால் நான்கு சுவரும் ஃபிரேமில் வரும், நான்கையும் அலங்கரிக்க வேண்டும். ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு இதைக் கடைசி நாளில் சொன்னால் ஒரு பக்கம் வெற்றுச் சுவராகவே நிற்கும்.

இருவர் பேசும் காட்சியில் ஓவர் த ஷோல்டர், அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட், எடுக்காதீர்கள். கேமராவை இருவருக்கும் நடுவில் வைத்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஏறக்குறைய நேருக்கு நேராக எடுங்கள். வழக்கமான முறையில் ஒருவர் லெஃப்ட் லுக் (ஃபிரேமின் இடப்பக்கம் பார்ப்பது), மற்றவர் ரைட் லுக். ஓசுவிடம் பெரும்பாலும் இருவருமே ஒரே பக்க லுக் கொடுப்பார்கள். லென்ஸின் மையத்திலிருந்து இடதுபுறம் 10 முதல் 15 செ.மீ. தள்ளி ஒரு துண்டு காஃபர் டேப் ஒட்டுங்கள். முதல் நடிகர் அதைப் பார்த்துப் பேசட்டும். கேமராவைத் திருப்பிய பிறகு இரண்டாவது நடிகரும் அதே டேப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டும். டேப் லென்ஸுக்கு ரொம்ப நெருங்கினால் நடிகர் பார்வையாளரிடமே பேசுவதுபோல் ஆகிவிடும். தூரம் போனால் வேறு யாரையோ பார்ப்பதாகத் தோன்றும்.

லுக்கைவிட முக்கியம் உருவ ஒற்றுமை. முதல் நபரின் கண்கள் மானிட்டரில் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ அதே உயரத்தில் இரண்டாம் நபரின் கண்களும் இருக்க வேண்டும், தலையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மானிட்டரில் கண் கோட்டுக்கு ஒரு மெல்லிய டேப் ஒட்டிவிட்டால் வேலை எளிது. குள்ளமான நடிகருக்கு அடியில் ஒரு மெத்தை போடுங்கள், அல்லது லென்ஸைத் தாழ்த்துங்கள். ஷாட் மாறும்போது ஒரு முகம் இருந்த இடத்தில் இன்னொரு முகம் அப்படியே வந்து உட்காரும். அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் எவ்வளவு உரியவர்கள் என்பதை வசனமே இல்லாமல் இது சொல்லிவிடுகிறது. ஓசுவின் கலையில் மிக அருமையான இடம் இதுதான், எடுத்துச் செய்ய மிகக் கடினமானதும் இதுதான். 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) வயதான தம்பதி கடற்கரைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தால், ஒரே ஃபிரேமுக்குள்ளும் அவர் இதையே செய்வது புரியும்.

பொருட்களை ஷாட்டுக்கு ஷாட் நகர்த்தலாம். ஓசு தானே வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டு கோப்பையையும் பாட்டிலையும் நூலளவு தள்ளிவைக்கச் சொல்வார். கன்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருட்கள் இடம் மாறாமல் இருப்பது) பார்க்கும் உதவி இயக்குநர் மறுப்பார். முந்தைய ஷாட்டில் கோப்பை இருந்த இடத்தைவிட இந்த ஷாட்டின் கட்டமைப்பு முக்கியம் என்று முன்கூட்டியே அவரிடம் பேசிவையுங்கள். வண்ணத்தில் எடுப்பதாக இருந்தால் சிவப்பில் கவனம் வேண்டும். 1958இல் தன் முதல் வண்ணப் படமான 'ஈக்வினாக்ஸ் ஃப்ளவர்' எடுக்கும்போது சிவப்பு நன்றாக வரும் என்று ஆக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தார், அந்தப் படத்தின் சிவப்புக் கெட்டில் இன்றும் பேசப்படுகிறது. மற்ற நிறங்கள் அடங்கியிருக்கும் ஃபிரேமில் ஒரே ஒரு சிவப்புப் பொருள் போதும். மூன்று வைத்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அலையும்.

நடிப்பை எண்ணிக் கொடுப்பது

அவருடைய கடைசிப் படமான 'ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' (1962) படத்தில், விரும்பியவரை மணக்க முடியாது என்று தெரிந்த மகள் தனியாக உட்கார்ந்து அளவு நாடாவை விரலில் சுற்றுகிறாள். நாடாவை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுவரை ஓசு எண்ணிக் கொடுத்தார். டேக் நூறை எட்டியது என்று அதில் நடித்த ஷிமா இவாஷிதா பிறகு சொல்லியிருக்கிறார். சோகமாக இருக்கும்போது மனிதர்கள் சோகமான முகம் வைத்துக்கொள்வதில்லை என்பது ஓசுவின் எண்ணம். உங்கள் நடிகரிடம் 'மனசு உடைந்திருக்கிறது' என்று விளக்காதீர்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள், அதன் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: தேநீரை இரண்டு முறை கலக்கு, கரண்டியை வை, நிமிர்ந்து பார், பிறகு பேசு. முதல் சில டேக்குகள் பொம்மலாட்டம்போல இருக்கும். எண்ணிக்கை உடம்பில் படிந்த பிறகுதான் முகம் இளகும். அதுவரை காத்திருக்க முடியாத ஷெட்யூல் என்றால் முந்தைய நாளே ஒத்திகை வைத்துவிடுங்கள்.

எழுத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம். ஓசுவும் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் சிகாசாகியில் ஒரு விடுதி அறையில் மாதக்கணக்கில் தங்கி, இன்ன நடிகர் என்று முடிவுசெய்துகொண்டே வசனம் எழுதினார்கள். பெரிய சம்பவத்தைக் காட்டாமல் விட்டார்கள். 'லேட் ஸ்பிரிங்' (1949) படத்தில் கல்யாணமும் இல்லை, மாப்பிள்ளை முகமும் இல்லை. உங்கள் ஸ்கிரிப்டில் எல்லாரும் எதிர்பார்க்கும் காட்சி எதுவோ அதை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய மாலையையும் மறுநாளையும் எழுதிப் பாருங்கள்.

வெற்றிடங்களும் வெட்டும்

காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் ஆளில்லாத ஷாட்டுகள் மூன்று முதல் ஐந்து வேண்டும், ஒவ்வொன்றும் 4 முதல் 6 விநாடி. அழகான மேகம், பறவை என்று தனித்தனியாகப் பொறுக்காதீர்கள், ஸ்லைடு ஷோ ஆகிவிடும். முதல் ஷாட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள் அடுத்த ஷாட்டில் வேறு கோணத்தில் வர வேண்டும். புகைபோக்கியும் துணி காயும் கொடியும் ஒரு ஷாட், அதே கொடியும் வீட்டு ஜன்னலும் அடுத்த ஷாட், பிறகு ஜன்னலை ஒட்டிய நடை, அப்புறம் அறை. பார்வையாளர் நடந்தே உள்ளே வந்து சேர்வார்.

ஃபேடு (படம் இருளில் மங்குவது), டிஸால்வ் (ஒரு படம் இன்னொன்றில் கரைவது) வேண்டாம். ஓசு டிஸால்வை மிக ஆரம்பத்திலேயே கைவிட்டார், ஆறு வண்ணப் படங்களிலும் கேமரா பானும் செய்யாது (பக்கவாட்டில் திரும்பாது), டிராலியிலும் போகாது. வசனத்தை முழுதாகப் பேசிமுடிக்கவிட்டு, அரை விநாடி, அதாவது 24 ஃபிரேம் வேகத்தில் 12 ஃபிரேம் விட்டு வெட்டுங்கள். அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கு முன் இன்னொரு அரை விநாடி. இந்த இடைவெளியைக் காட்சி முழுக்க மாற்றாமல் வைத்திருங்கள். ஓசு ஸ்டாப் வாட்சோடு வேலை செய்தவர், அவர் காட்சிகளின் தாளம் இந்த மாறாத இடைவெளியில்தான் இருக்கிறது. பேச்சின் மீது பேச்சு ஏறினால் தாளம் போய்விடும்.

இந்த மௌனங்களில் அறையின் ஒலி அப்பட்டமாகக் கேட்கும். ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள், எல்லாரும் அறைக்குள் இருக்கும்போதே ஒரு நிமிடம் வெறும் அறை ஒலியைப் பதிவுசெய்யுங்கள். இசை சோகத்தைத் துரத்தக் கூடாது. பிற்காலப் படங்களுக்கு இசையமைத்த தகனோபு சைட்டோவிடமிருந்து ஓசு கேட்டது வெயிலடிக்கும் நாள்போன்ற இசை. திரையில் யார் அழுதாலும் அது பாட்டுக்கு இருக்கும். காட்சியின் கடைசி வரியில் மெல்லத் தொடங்கி, வெற்று ஷாட்டுகள் மீது ஓடி, அடுத்த காட்சியின் முதல் வசனத்துக்கு முன் முடிந்துவிடட்டும்.

எடிட் முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு டைம்லைனை ஒருமுறை ஓட்டுங்கள், கண் கோட்டின் மீது ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு. ஷாட் மாறும்போது கண்கள் கோட்டைவிட்டுத் துள்ளினால், 4கேவில் எடுத்து 1080இல் வெளியிடுவதாக இருந்தால் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிடலாம். தலையின் அளவு மாறியிருந்தால் சிறிதளவு பெரிதாக்கலாம், பத்து சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுப்பதே சரி.