கோவை – குவாஹாட்டி: விமான தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

கோவையில் இருந்து குவாஹாட்டி எவ்வளவு தூரம் என்று கூகுளில் தேடினால் முதலில் வருவது சாலை வழி தூரம்தான். அதை வைத்து விமான நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, கோவை விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் தூரம் அளக்கும் வசதி வரும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு குவாஹாட்டி விமான நிலையத்தின் மேல் ஒரு கிளிக், அவ்வளவுதான். சுமார் 2,270 கி.மீ. காட்டும். இதுதான் வான்வழி தூரம்.

நேரத்துக்கு, அந்தத் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, இதற்கெல்லாம்தான் அந்த அரை மணி. ஆக, நேராகப் பறந்தால் மூன்று மணி இருபது நிமிடம்.

ஆனால் இந்த வழியில் பெரும்பாலும் நடுவில் விமானம் மாறித்தான் போக வேண்டும், எங்கே மாறுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோவை – சென்னை 400, சென்னை – குவாஹாட்டி 1,885, மொத்தம் 2,285 கி.மீ. நேர்க்கோட்டைவிட 15 கி.மீ.தான் அதிகம். பெங்களூரு வழியும் கிட்டத்தட்ட இதேதான், கொல்கத்தாவோ அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. டெல்லி வழியாகப் போனால் 1,950-உம் 1,455-உம் சேர்ந்து 3,400 தாண்டிவிடும். ஈரோடு போக மதுரையைச் சுற்றுகிற கதை! நூறு இருநூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள், குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

அப்புறம் காத்திருக்கும் நேரம். ஒரே பி.என்.ஆரில் இரண்டு விமானங்களும் இருந்தால் பெட்டியைக் கோவையிலேயே குவாஹாட்டிக்குப் போட்டுவிடலாம், இடையில் ஒன்றரை மணி நேரம் போதும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அங்கே உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, 4 இரண்டிலிருந்தும் கிளம்புவதால் எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

இறங்கும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் அங்கேயும் நம்முடையதுதான், ஆனால் டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். விமான நிலையம் இருக்கும் போர்ஜாரில் இருந்து நகரத்துக்கு 20 கி.மீ.க்கு மேல். ஊருக்குப் புதிது என்றால் மதியம் இரண்டு மணிக்குள் இறங்குகிற விமானமாகப் பார்த்து எடுங்கள்.