ஓயாமல் சுழலும் சக்கரம்: விவாதிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

புவியீர்ப்பால் அல்லது காந்தத்தால் மட்டும் நிற்காமல் சுழலும் சக்கரத்தைச் செய்ய முடியுமா என்ற விவாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஒருவர், ஆற்றலைப் புதிதாக ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்னும் ஆற்றல் அழிவின்மை விதி அதை அனுமதிக்காது என்பார். மற்றவர் அந்த விதியைத்தான் கேள்வி கேட்கிறேன் என்பார். ஆகவே விதியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தச் சக்கரத்தின் வரைபடத்தை இருவருக்கும் நடுவில் விரியுங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் விவரித்த, பாதரசம் பாதி நிரப்பிய குழாய்களை ஆரங்களாகக் கொண்ட சக்கரமும், 13-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வில்லார் த ஒன்கூர் வரைந்த, விளிம்பில் சுத்தியல்கள் தொங்கும் சக்கரமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: இறங்கும் பக்கம் எப்போதும் கனத்திருக்க வேண்டும். இந்த எண்ணத்தை ஏளனம் செய்யாதீர்கள். பாஸ்கரர் போன்ற தேர்ந்த கணித அறிஞரையே ஈர்த்த எண்ணம் இது.

வரைபடத்தில் அச்சின் வழியாக ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு எடையும் அந்தக் கோட்டிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, இரு பக்கத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். இறங்கும் பக்கத்தில் எடைகள் தள்ளி நிற்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. ஏறும் பக்கத்தில் அச்சை ஒட்டி நிற்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். நீளமான கையை மட்டும் பார்ப்பவர் இந்த எண்ணிக்கையைத் தவறவிடுகிறார். ஏதாவது ஒரு நிலையில் ஒரு பக்கம் மிஞ்சினால், அதைக் கொண்டு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எட்டு எடைகள் சம இடைவெளியில் உள்ள சக்கரம் 45 பாகை திரும்பியதும் முன்பிருந்த தோற்றத்துக்கே அச்சு அசலாகத் திரும்பிவிடுகிறது. மொத்த எடைகளின் ஈர்ப்பு மையமும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. எதுவுமே கீழே இறங்காதபோது ஈர்ப்பிலிருந்து என்ன கிடைத்திருக்க முடியும்? 100 கிராம் எடை 60 செ.மீ. இறங்கினால் சுமார் 0.59 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) தருகிறது. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அதே 60 செ.மீ. ஏற அதே 0.59 ஜூலைத் திரும்பக் கேட்கிறது. என் அனுபவத்தில், எதிர்த்தரப்பைப் பேச்சைவிட அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கணக்குதான்.

கையால் செய்து பார்க்க விரும்பினால், நல்ல பேரிங் உள்ள பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தாங்கியில் பொருத்தி, கம்பிகளில் சமமான நட்டுகளை நூலில் தொங்கவிட்டு, மெதுவாகக் கையை எடுங்கள். சக்கரம் இருபுறமும் சற்று ஊசலாடி, ஈர்ப்பு மையம் மிகத் தாழ்ந்த நிலையில் அமைதியாக நின்றுவிடும்.

காந்தச் சக்கரத்துக்கும் இதே வழிதான். தண்டவாளம் போல இரு வரிசைக் காந்தங்களை வைத்து, நடுவே காந்தம் ஒட்டிய பொம்மை வண்டியை விடுங்கள். நுழையும்போது அது இழுக்கப்பட்டு விரைகிறது; அதைக் காட்டிய உடனே சிலர் காட்சியை முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் மறுமுனையில் பாருங்கள்: வெளியேறும் இடத்தில் அதே காந்தங்கள் வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன. சுருள்வில் தராசை மாட்டி, ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் விசையைக் குறித்துக் கூட்டினால், உள்ளே பெற்றதை வெளியே திருப்பிக் கொடுப்பது எண்களாகவே தெரியும்.

விவாதத்தில், தானே ஓடும் சக்கரத்தைச் செய்துவிட்டதாகச் சொன்ன ஜெர்மானியர் பெஸ்லரின் பெயர் நிச்சயம் வரும். 1717-இல் ஜெர்மனியின் காசெல் அருகே ஒரு மாளிகையில், முத்திரையிட்ட அறைக்குள் அவருடைய சக்கரம் வாரக்கணக்கில் ஓடியதாகச் சாட்சியங்கள் உண்டு. ஆனால் உள்ளமைப்பு பொதுவில் காட்டப்படவே இல்லை. 1721-இல் அவரே அதை உடைத்துவிட்டார். பிறர் திரும்பச் செய்து பார்க்க முடியாத ஒன்றை ஆதாரமாக ஏற்க இயலாது என்று மரியாதையோடு சொல்லுங்கள்.

எதிரிலிருப்பவர் ஓடும் சக்கரத்தையே கொண்டு வந்தால், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்காதீர்கள். விளிம்பில் ஒரு கிலோ எடையுள்ள 30 செ.மீ. ஆரச் சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றும்போது ஏறக்குறைய 7 ஜூலைத் தன்னிடம் சேமித்திருக்கும், நல்ல பேரிங்கில் அது நெடுநேரம் சுழலும். அச்சில் நூல் சுற்றி, ஒரு கிலோ எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: மறைந்த மின்கலம், சன்னல் காற்று, வெப்ப மாறுபாடு. 1760-களில் லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் செய்த, சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம் உண்மையிலேயே ஓடியது. அதற்குள் இருந்த பாதரசத்தை வெளிக்காற்றின் அழுத்தம் ஏற்றியும் இறக்கியும் அதற்கு விசை கொடுத்துக்கொண்டிருந்தது.