கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்: கொடைக்கானல் மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) வைத்திருக்கும் எங்களில் பலரிடம் இப்போது டைனி எஸ்ஏ போன்ற சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கிவிடும். எந்த அலைவரிசையில் எவ்வளவு பலத்தில் என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஆய்வகத்தில் இருக்கும் பெரிய கருவிக்குள் இருக்கிற ஃபில்டர்களும் (வேண்டாத அலைவரிசைகளைத் தடுப்பவை) பாதுகாப்புகளும் பல இதற்குள் கிடையாது. அந்த வேலையை வெளியே நாம்தான் செய்துகொடுக்க வேண்டும். இதை மறந்தால் கருவி கெட்டுப்போகும், அல்லது நம்மை ஏமாற்றும்.

கெட்டுப்போவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். புதிதாக வாங்கிய ஹேண்டியின் (கையடக்க வாக்கி டாக்கி) சிக்னல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில், ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன கேபிளை நேராக அனலைசரில் மாட்டி, சிக்னல் அனுப்பும் பொத்தானான பிடிடியை அழுத்தினேன். புகை வரவில்லை, சத்தமும் இல்லை. திரை வழக்கம்போலவே ஓடியது. மறுநாள்தான் தெரிந்தது, முன்பு பளிச்சென்று வந்த சிக்னல்கள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. கருவி செவிடாகிவிட்டது.

கணக்கு எளிமையானது. ஹேண்டி 5 வாட், அதாவது +37 டிபிஎம். (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; 10 டிபி கூடினால் பலம் பத்து மடங்கு.) டைனி எஸ்ஏவின் சிறிய மாடல் தாங்கும் உச்சம் +10 டிபிஎம், வெறும் 10 மில்லிவாட். நான் அதற்கு 500 மடங்கு ஊட்டியிருக்கிறேன். தாங்குவது வேறு, சரியாக அளப்பது வேறு. சரியாக அளக்க உள்ளே போகும் சிக்னல் −25 டிபிஎம் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆக 60 டிபி அட்டெனுவேட்டர், அதாவது சிக்னலைக் குறைத்து அனுப்பும் துண்டு, வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. கடையில் கிடைக்கும் சின்ன எஸ்எம்ஏ (சிறிய திருகு கனெக்டர்) அட்டெனுவேட்டர்கள் பல 2 வாட்தான் தாங்கும். ஹேண்டிக்கு அடுத்து வருகிற முதல் அட்டெனுவேட்டர் முழு 5 வாட்டையும் வெப்பமாக விழுங்க வேண்டும். அது 10 வாட் தாங்குவதாக இருக்கட்டும், சிறியவை அதற்குப் பின்னால் வரட்டும்.

"எதற்கு வம்பு, அனலைசரில் ஒரு குட்டி ஆன்டெனாவை மாட்டி நாலடி தள்ளி வைத்துப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பார்கள். சிக்னல் வருகிறதா என்று பார்க்கப் போதும். ஹார்மோனிக் (அனுப்பும் அலைவரிசையின் இரண்டு, மூன்று மடங்கில் வரும் வேண்டாத சிக்னல்) அளக்கப் போதாது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய ஆன்டெனா 290-ல் ஒரு மாதிரியும் 435-ல் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். நீங்கள் அளப்பது ஹேண்டியை அல்ல, இரண்டு ஆன்டெனாக்களின் குணத்தையும் சேர்த்துத்தான். ஹார்மோனிக் என்றால் கேபிள், அட்டெனுவேட்டர், பிறகு அனலைசர். வேறு குறுக்குவழி இல்லை.

இனி ஏமாற்றும் கதை. இது நம் மலைக்கென்றே உள்ள தொல்லை. கொடைக்கானல் வானொலி நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் ஒலிபரப்புகிறது. கீழே சமவெளியில் எத்தனையோ மாவட்டங்களில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபுரம் நமக்குப் பக்கத்து வீடு. ஊருக்குள் நின்று அனலைசரில் ஒரு நல்ல ஆன்டெனாவை மாட்டினால் 100.5-ல் மலைபோல ஒரு சிக்னல் நிற்கும். அதன் பலத்தில் அனலைசரின் மிக்ஸர் (அலைவரிசையை மாற்றும் உள்பகுதி) திணறி, இல்லாத சிக்னல்களைத் தானே உண்டாக்கும்.

நாயுடுபுரத்திலிருந்து ஒரு தம்பி ஒருமுறை பதறிப்போய் ஃபோன் செய்தார். "அண்ணே, எஃப்எம்மோட ரெண்டாவது ஹார்மோனிக் 201-ல அப்படியே நிக்குதுண்ணே. இவ்வளவு அழுக்கா அனுப்புவாங்களா?"

"ஆன்டெனாவுக்கும் அனலைசருக்கும் நடுவுல ஒரு 10 டிபி அட்டெனுவேட்டர் போடு தம்பி. உள்ளே இருக்கிற ஆட்டோ அட்டெனுவேட்டரை நிறுத்திட்டு, ரெண்டும் எவ்வளவு இறங்குதுன்னு சொல்லு."

100.5 சரியாக 10 டிபி இறங்கியது. 201-ல் நின்றது 20 டிபி இறங்கியது. காற்றில் வரும் நிஜ சிக்னல் என்றால் அதுவும் 10 தான் இறங்கியிருக்க வேண்டும். கருவிக்குள் பிறந்த இரண்டாம் ஹார்மோனிக் இரட்டிப்பாக இறங்கும். பல பலமான சிக்னல்கள் கருவிக்குள் கலந்து பிறக்கும் மூன்றாம் வரிசைக் கலப்புச் சிக்னல் என்றால் 30 இறங்கும். நிலையத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. எந்தச் சிக்னலைச் சந்தேகப்பட்டாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், அடுத்தவர் மேல் புகார் சொல்வது பிறகு. இங்கே குடியிருப்பவர்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் எஃப்எம் ஃபில்டர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அது இல்லாமல் 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நாய்ஸ், அதாவது இரைச்சல், தேடுவது வீண் அலைச்சல்.

ஆர்பிடபிள்யூவை (கருவி ஒரு நேரத்தில் அளக்கும் அலைவரிசை அகலம்) கவனிக்காமல் நாய்ஸ் அளவை ஒப்பிடுவது இன்னொரு தவறு. 3 கிலோஹெர்ட்ஸில் அளந்த நாய்ஸ் 30 கிலோஹெர்ட்ஸில் 10 டிபி கூடுதலாகத் தெரியும். நேற்று ஒன்று இன்று ஒன்று வைத்து அளந்துவிட்டு "நாய்ஸ் ஏறிப்போச்சு" என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் எண்ணோடு ஆர்பிடபிள்யூவையும் எழுதுங்கள். வெளியே போட்ட அட்டெனுவேட்டரின் மதிப்பைக் கருவியில் பதிவுசெய்யவும் மறக்க வேண்டாம்.

சார்ஜரில் போட்டுக்கொண்டே நாய்ஸ் தேடாதீர்கள். மலிவான சார்ஜர் தானே ஒரு நாய்ஸ் மூட்டை. பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். அப்போதும் இருந்தால்தான் வெளியே போக வேண்டும். இடிமழைப் பருவத்தில் உயரமான ஆன்டெனாவை அப்படியே கொண்டுவந்து மாட்டவும் கூடாது; கேபிளின் நடுக்கம்பியையும் வெளிவலையையும் ஒருமுறை சேர்த்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட்டு மாட்டுங்கள். பனியில் நனைந்த எஸ்எம்ஏ முனையைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் திருகுங்கள், கேபிளை அல்ல.

கடைசித் தவறு, இடைவெளி விட்டு வரும் நாய்ஸை வெறும் ஸ்வீப்பை (அலைவரிசைகளை வரிசையாக ஓடி அளப்பது) நம்பித் தேடுவது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காட்டுமாட்டுக்காகச் சோலார் மின்வேலி போட்ட தோட்டங்கள் உண்டு. அங்கே ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸில் டக், டக், டக் என்று கேட்கும். அனலைசரில் ஒன்றும் தெரியாது. காரணம், வேலி ஒரு நொடிக்குச் சற்று மேல் இடைவெளியில் ஒரு கணம் மட்டும் துடிக்கிறது. அந்தக் கணத்தில் ஸ்வீப் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பானை (திரையில் காட்டும் அலைவரிசை நீளம்) பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது படுக்கை அச்சு அலைவரிசை அல்ல, நேரம். ஸ்வீப் நேரத்தை ஐந்து நொடி ஆக்கினால் சீப்புப் பல் போல நான்கைந்து முட்கள் சம இடைவெளியில் எழும்பும்.

அப்படி ஒரு பூண்டுத் தோட்டத்து வேலியோரம் அனலைசரோடு நடந்தேன். ஓரிடத்தில் முட்கள் விறுவிறுவென உயர்ந்தன. நனைந்த புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உற்றுக் கேட்டால் சன்னமாகப் பொறி தட்டும் சத்தம். கம்பியில் கை வைக்காமல் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரேடியோ இரைச்சல் அவருக்குப் பொருட்டல்ல. ஆனால் "இங்கே கரண்ட் கசியுது ஐயா, வேலியோட ஷாக் குறைஞ்சிரும், மாடு உள்ளே வந்துரும்" என்றதும் வேலியை அணைத்துவிட்டு அரிவாளோடு வந்தார். புல்லை அறுத்து மறுபடி வேலிக்கு மின்சாரம் போட்டபோது என் திரை தட்டையாக இருந்தது.