950-ஐ விட 1,200 சிறியதா?

இணையப் பக்கங்களிலிருந்து விலைகளை எடுத்து வரிசைப்படுத்தும் என் நிரல், 950-தான் 1,200-ஐ விடப் பெரியது என்று அடம்பிடித்தது. எடுத்தவை எண்கள் அல்ல, எழுத்துச்சரங்கள்; அதாவது, கணினி வெறும் எழுத்துகளின் வரிசையாகப் பார்க்கும் உரை. இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டால் 9-க்கு முன்னால் 1 தோற்கத்தான் செய்யும்.

சரத்தை எண்ணாக மாற்றித் தரும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் பார்ஸ்ஃப்ளோட்டிடம் (parseFloat) கொடுத்துப் பார்த்தேன். அது காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடுகிறது: "1,200" வெறும் 1 ஆனது, பிழைச் செய்திகூட இல்லை. சத்தமில்லாத இந்தத் தவறுதான் மிகவும் ஆபத்தானது. பைதான் நிரல்மொழியில் இதே வேலையைச் செய்யும் ஃப்ளோட் (float) அதே சரத்தை ஏற்க மறுத்துப் பிழை காட்டும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நாணயக் குறி, இடைவெளி, காற்புள்ளி எல்லாவற்றையும் நீக்கிய பிறகே எண்ணாக மாற்றுகிறேன். ஜெர்மன் பக்கங்களில் "1.200,50" என்று புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும், அவற்றுக்குத் தனி விதி எழுதினேன். மாற்ற முடியாத மதிப்பைச் சுழியமாக்காமல், மூலச் சரத்தோடு தனியே பதிவு செய்கிறேன்.