குளிர் இரத்த விலங்குகளின் ஓய்வுநிலை ஆற்றல் செலவை அளப்பது எப்படி?

மீன், தவளை, பல்லி போன்றவற்றின் உடல் வெப்பநிலை சுற்றுப்புறத்தை ஒட்டியே ஏறி இறங்குவதால், வெப்பநிலையைக் குறிப்பிடாத ஆற்றல் கணக்குக்குப் பொருளே இல்லை. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அவற்றின் வளர்சிதை மாற்றம் பொதுவாக 2 முதல் 3 மடங்காகப் பெருகும். ஆகவே முதலில் தேடவேண்டியது ஆக்சிஜனை அளக்கும் விலையுயர்ந்த உணரியை அன்று, வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியை. விலங்கை அந்த வெப்பநிலைக்குப் பழக்கிய பிறகே அளவீட்டைத் தொடங்க வேண்டும்.

இவை வெளியிடும் வெப்பம் மிகச் சொற்பம் என்பதால், அதை நேரடியாக அளப்பதைவிட ஆக்சிஜன் நுகர்வை அளந்து ஆற்றலாக மாற்றுவதே வழக்கம். செரிமானமும் ஆக்சிஜனைக் கேட்கும்; எனவே பட்டினி கட்டாயம். சிறிய மீனுக்கு ஓரிரு நாள் போதும். பெரிய இரையை விழுங்கிய மலைப்பாம்பிலோ நுகர்வு பல மடங்கு உயர்ந்து பல நாள்கள் நீடிப்பதால், நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

மீனைக் குமிழியில்லாமல் நீர் நிரப்பிய கலனில் விட்டு, கறுப்புத் துணியால் மூடி, ஓர் இரவு முழுவதும் அமைதியாக இருக்கவிடுங்கள். கையாண்ட பதற்றம் தணியாத முதல் சில மணி நேர அளவுகளை, அவை எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். கலனைச் சில நிமிடங்கள் அடைத்து ஆக்சிஜன் குறைவதைப் பதிவுசெய்வதும், பின்னர் புதுநீர் பாய்ச்சுவதும் மாறி மாறி நடக்கட்டும். உள்ளே நீர் சுழலாவிட்டால் உணரி தன் அருகிலுள்ள நீரை மட்டுமே காட்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன், அந்த நீர் காற்றிலிருந்து கொள்ளக்கூடிய முழு அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 லிட்டர் கலனில் 20 கிராம் மீன் இருந்தால், அதன் உடல் அடைக்கும் இடம் போக நீர் 0.98 லிட்டர். 12 நிமிடத்தில் ஆக்சிஜன் லிட்டருக்கு 9.0 மில்லிகிராமிலிருந்து 8.6 ஆகக் குறைந்தால், குறைவு 0.392 மில்லிகிராம், மணிக்கு 1.96. கலன் சுவரில் படியும் பாக்டீரியாவும் மூச்சுவிடும் என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மீன் இல்லாத கலனில் மணிக்கு 0.06 மில்லிகிராம் குறைந்தால் அதைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது 1.90. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 14 ஜூல் என்று கொண்டால், மீனின் செலவு மணிக்கு ஏறத்தாழ 27 ஜூல்.

இத்தகைய பல சுற்றுகளில் மிகக் குறைந்த ஒரே அளவை ஓய்வுநிலை என்று அறிவிப்பது தவறு. அது உணரியின் இரைச்சலாக, அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கமாக, இருக்கலாம். குறைந்த 10 முதல் 20 விழுக்காட்டு அளவுகளின் சராசரியே நம்பத்தக்கது.

பல்லிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் காற்றில் ஆக்சிஜன் 20.95 விழுக்காடு இருப்பதால் குறைவு மெல்லியதாகவே தெரியும். எனவே கலன் சிறியதாக இருக்க வேண்டும். உணரிக்குச் செல்லும் காற்றிலிருந்து நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் முன்பே நீக்கிவிட வேண்டும்.